கைப்பேசியும் அந்தரங்கப் பாதுகாப்பும்

கிராமத்துக் குடும்பங்களில் கைப்பேசி இன்று ஏர், மண்வெட்டிக்கு அடுத்த தொழிற்கருவியாகிவிட்டது. மழை வருமா என்று அறியவும், விற்பனைக் கூடத்தில் நெல் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்க்கவும், பட்டா, சிட்டா நகல்களைப் பெறவும், உரக்கடைக்குப் பணம் அனுப்பவும் அது உதவுகிறது. தமிழக அரசு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘உழவன்’ செயலி, மானியத் திட்டங்களைப் பற்றிய செய்திகளை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது. 2019 முதல் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகச் செலுத்திவரும் பி.எம். கிசான் திட்டத்திலும், பணம் வரவானதை அறிவிக்கும் குறுஞ்செய்தி கைப்பேசிக்கே வருகிறது.

முன்னாளில் நிலப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. வங்கிப் புத்தகம் அலமாரியில் இருந்தது. குடும்பப் படங்கள் சுவரில் தொங்கின. உறவினர் முகவரிகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. இவை யாவும் இப்போது சட்டைப்பையில் அடங்கும் ஒரே கருவிக்குள் வந்துவிட்டன. டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. அதன் சாவி வீட்டுக்காரரின் இடுப்பில் இருந்தது. கைப்பேசிக்கும் பூட்டுகள் உண்டு. ஆனால் அவை எங்கே இருக்கின்றன, எப்படிப் பூட்டுவது என்பதைப் பலரும் அறிந்துகொள்ள வாய்ப்பு ஏற்படவில்லை. அதனை எளிய முறையில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

அந்தரங்கம் என்பது யாது?

‘என்னிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நான் ஏன் அஞ்ச வேண்டும்?’ என்று சிலர் கேட்கின்றனர். அந்தரங்கம் என்பது குற்றத்தை மறைப்பதன்று. வீட்டுக்குக் கதவு வைப்பது உள்ளே திருட்டுப் பொருள் இருப்பதனால் அல்ல. யார் உள்ளே வரலாம் என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்ய வேண்டும் என்பதனால்தான். அதுபோலவே, நம்மைப் பற்றிய விவரங்கள் யாருக்கு, எந்தக் காரியத்துக்காகப் போய்ச் சேரலாம் என்பதை நாமே தீர்மானிக்கும் உரிமைதான் அந்தரங்க உரிமை.

இவ்வுரிமை சட்டத்தின் ஆதரவு பெற்றது. 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையிலும் தனிமனித சுதந்திரத்திலும் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பு. அதன்பின் 2023-ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டத்தின் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. ஒருவரின் விவரத்தை எந்தக் காரியத்துக்காகக் கேட்கிறோம் என்பதை முன்கூட்டியே தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும். அக்காரியத்துக்குத் தேவையான அளவே பெற வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் எளிய வழி இருக்க வேண்டும் என்பன இச்சட்டத்தின் முக்கிய அம்சங்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் இவ்வறிவிப்பைப் படிக்கவும் வசதி தரப்பட வேண்டும் என்று சட்டம் கூறுவதால், தமிழிலேயே படித்தறிந்து சம்மதிக்கும் உரிமை நமக்கு உண்டு.

விவரங்கள் வெளியேறும் மூன்று வழிகள்

கைப்பேசியிலுள்ள விவரங்கள் மூன்று வழிகளில் வெளியே செல்கின்றன.

முதலாவது, செயலிகளின் வழி. ‘ஆப்’ என்று நாம் வழங்கும் செயலியைப் பதிவு செய்யும்போது அது நம் இருப்பிடம், படங்கள், தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள் முதலியவற்றைப் பார்க்க அனுமதி கேட்கிறது. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘அனுமதி’ என்று அழுத்திவிடுகிறோம்.

இரண்டாவது, இணையதளங்களின் வழி. நாம் ஒரு தளத்தைப் பார்க்கும்போது அத்தளம் ‘குக்கி’ எனப்படும் சிறு குறிப்பை நம் கைப்பேசியில் எழுதி வைக்கிறது. அடுத்த முறை செல்லும்போது அக்குறிப்பைக் கொண்டு நம்மை அடையாளம் கண்டுகொள்கிறது. விளம்பர நிறுவனங்கள் பல தளங்களிலும் இத்தகைய குறிப்புகளை வைத்து, நாம் எதைத் தேடினோம் என்பதைத் தொகுத்துவிடுகின்றன. பம்புசெட்டைப் பற்றி ஒரு நாள் தேடினால், ஒரு வாரம் வரை பம்புசெட்டு விளம்பரங்களே கண்முன் வருவது இதனால்தான்.

மூன்றாவது, நம் கையினாலும் வாயினாலும் நாமே கொடுப்பது. தொலைபேசியில் கேட்ட எண்ணைச் சொல்வதும், ஆதார் அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், கைப்பேசியைத் திறந்து அறிமுகமில்லாதவரிடம் கொடுத்து ‘நீங்களே பார்த்துச் செய்யுங்கள்’ என்பதும் இவ்வகையைச் சேரும்.

முதல் இரண்டையும் கைப்பேசியின் அமைப்புகளைக் கொண்டு கட்டுப்படுத்தலாம். மூன்றாவதைப் பழக்கத்தினால்தான் கட்டுப்படுத்த முடியும்.

அனுமதியும் குத்தகைச் சீட்டும்

நிலத்தைக் குத்தகைக்கு விடுகிற விவசாயி மூன்று விஷயங்களை நிச்சயம் செய்துகொள்ளாமல் சம்மதிக்கமாட்டார். யாருக்கு விடுகிறோம்? என்ன பயிர் செய்வதற்கு விடுகிறோம்? எத்தனை காலத்துக்கு விடுகிறோம்? செயலிக்குக் கொடுக்கும் அனுமதியும் ஒரு குத்தகையே ஆகும். அதற்கும் இம்மூன்று கேள்விகளையே கேட்க வேண்டும். இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

யாருக்கு என்பது செயலியை வெளியிட்டவர் யார் என்பதாகும். எதற்கு என்பது கேட்கிற அனுமதிக்கும் செயலியின் வேலைக்கும் பொருத்தம் உண்டா என்பதாகும். வானிலைச் செயலி நம் ஊர் எது என்று அறிந்தால்தான் மழை நிலவரத்தைச் சொல்ல முடியும். ஆகவே அது இருப்பிடத்தைக் கேட்பது நியாயமே. பயிரின் நோயைப் படத்தைக் கொண்டு கூறும் செயலி காமிராவைக் கேட்பதும் நியாயமே. ஆனால் டார்ச் விளக்குச் செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்பதில் நியாயம் ஏது? நாட்காட்டிச் செயலி நம் குறுஞ்செய்திகளைப் படிக்க வேண்டிய அவசியம் என்ன? வேலைக்குப் பொருந்தாத அனுமதியை மறுப்பதே முறை. அனுமதியை மறுத்தாலும் நல்ல செயலி தன் வேலையைச் செய்யும்; மறுத்தவுடன் திறக்கவே மாட்டேன் என்று கூறும் டார்ச் விளக்குச் செயலியை நீக்கிவிடுவது நலம்.

எத்தனை காலத்துக்கு என்ற கேள்விக்கும் கைப்பேசியில் விடை உண்டு. 2020-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த ஆண்டிராய்டு கைப்பேசிகளில் இருப்பிடம், காமிரா, மைக் ஆகியவற்றை ஒரு செயலி கேட்கும்போது மூன்று விடைகள் தோன்றுகின்றன. ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்பது முதலாவது. ‘இந்த முறை மட்டும்’ என்பது இரண்டாவது. ‘அனுமதிக்க வேண்டாம்’ என்பது மூன்றாவது. அடிக்கடி தேவைப்படும் செயலிக்கு முதலாவதையும், எப்போதோ ஒரு நாள் பயன்படும் செயலிக்கு இரண்டாவதையும், பொருத்தமற்றதற்கு மூன்றாவதையும் அழுத்த வேண்டும். 2021-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல், இருப்பிடத்தைத் துல்லியமாகத் தருவதா, தோராயமாகத் தருவதா என்றும் நாம் தெரிவு செய்யலாம். மழை நிலவரத்துக்குத் தோராயமான இடமே போதும். புதிய கைப்பேசிகளில், எல்லாப் படங்களையும் காட்டாமல் நாம் தெரிந்தெடுக்கும் படங்களை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டவும் வசதி இருக்கிறது.

முன்பே கொடுத்துவிட்ட அனுமதிகளை என்ன செய்வது? குத்தகையை முடித்துக்கொள்வதுபோல அவற்றையும் திரும்பப் பெறலாம். கைப்பேசியில் ‘அமைப்புகள்’, அதாவது செட்டிங்ஸ் என்ற பகுதியைத் திறந்து, அதில் ‘தனியுரிமை’ என்பதற்குள் சென்றால் ‘அனுமதி நிர்வாகி’ என்ற பட்டியல் இருக்கும். கைப்பேசிக்குக் கைப்பேசி இப்பெயர்கள் சிறிது வேறுபடலாம். இருப்பிடம், காமிரா, மைக், தொடர்புகள், குறுஞ்செய்தி என்று ஒவ்வொன்றின் கீழும் எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி இருக்கிறது என்பது தெரியும். வேண்டாததை அழுத்தி ‘அனுமதிக்க வேண்டாம்’ என்று மாற்றினால் போதும். மாதத்துக்கு ஒரு முறை, கூட்டுறவுச் சங்கக் கணக்கைச் சரிபார்ப்பதுபோல, இப்பட்டியலைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மேலும் ஒரு குறிப்பு. புதிய கைப்பேசிகளில் காமிராவோ மைக்கோ இயங்கும்போது திரையின் மேல் மூலையில் சிறு பச்சைக் குறி தோன்றும். ஐபோனில் காமிராவுக்குப் பச்சையும் மைக்குக்கு ஆரஞ்சும் தோன்றும். நாம் பேசாமலும் படம் எடுக்காமலும் இருக்கும்போது அக்குறி தென்பட்டால், எந்தச் செயலி அதை இயக்குகிறது என்று உடனே பார்க்க வேண்டும்.

கடன் கொடுக்கும் செயலிகள்

அனுமதியை ஆராயாமல் கொடுப்பதனால் நேரும் கேட்டுக்குச் சில கடன் செயலிகள் கண்கூடான உதாரணமாகும். விதை வாங்கவோ மருத்துவச் செலவுக்கோ அவசரமாகச் சில ஆயிரம் ரூபாய் தேவைப்படும் வேளையில், ஐந்து நிமிடத்தில் கடன் என்ற விளம்பரம் கண்ணில் படுகிறது. செயலியைப் பதிவு செய்யும்போது அது தொடர்பு எண்கள் யாவற்றையும், படங்களையும் பார்க்க அனுமதி பெற்றுக்கொள்கிறது. தவணை ஒரு நாள் தவறினால், உறவினர், சம்பந்தி, ஊர்ப் பெரியவர் ஆகிய எல்லோருக்கும் கடன்காரரை இழிவுபடுத்தும் செய்திகளை அனுப்புகின்றனர். குடும்பப் படங்களை ஆபாசமாகத் திரித்து மிரட்டுவதும் உண்டு. கடனைவிட மானமே பெரிதென்று எண்ணும் குடும்பங்களில் இது உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது.

இதனைத் தடுக்கும்பொருட்டு 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிமுறை விதித்தது. கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள கோப்புகள், படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைத் தொடக் கூடாது. வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்காகக் காமிரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஒரே ஒரு முறை, வெளிப்படையான சம்மதத்துடன் மட்டும் பயன்படுத்தலாம். ஆகவே தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலி எதுவாயினும் அது ரிசர்வ் வங்கியின் நெறியை மீறுவதென்று அறிந்து விலக்கிவிட வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமும் வங்கியும் கடன் கொடுப்பதற்கு நம் உறவினர்களின் தொலைபேசி எண்கள் அனைத்தையும் கேட்பதில்லை என்பதை நினைவில் கொள்வது நலம்.

வாட்ஸ்அப்பில் வந்து சேரும் செயலிகள்

செயலியைக் கைப்பேசியிலுள்ள பிளே ஸ்டோர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்திலிருந்தே பெற வேண்டும். அங்கும் போலிகள் இல்லாமலில்லை. ஆயினும் ஓரளவு பரிசோதனை உண்டு. வாட்ஸ்அப் செய்தியுடன் இணைந்து வரும் ‘ஏ.பி.கே.’ என்ற கோப்புக்கோ அத்தகைய முன்பரிசோதனை இல்லை. பி.எம். கிசான் பட்டியல் என்றும், வாகன அபராத ரசீது என்றும், திருமண அழைப்பிதழ் என்றும் பெயரிட்டு இத்தகைய கோப்புகள் அனுப்பப்படுகின்றன. அழைப்பிதழ் என்பது படமாகவோ பக்கமாகவோதான் வரும். அது செயலியாகப் பதிவாக வேண்டிய அவசியமே இல்லை. திறந்தவுடன் ‘அறியப்படாத செயலியைப் பதிவு செய்யலாமா?’ என்று கைப்பேசி கேட்கும். அக்கேள்வி வந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

இப்போலிச் செயலி பெரும்பாலும் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையே நாடுகிறது. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. அதை நாம் யாரிடமும் வாயால் சொல்லாவிட்டாலும், குறுஞ்செய்தி அனுமதி பெற்ற செயலி தானே படித்து அனுப்பிவிடும். ‘அணுகல்தன்மை’ என்ற அனுமதி இதனினும் கடுமையானது. பார்வை, செவி முதலியவற்றில் குறையுடையோருக்கு உதவ ஏற்பட்ட அவ்வசதியைத் தீய செயலியிடம் கொடுத்தால், அது திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தானே அழுத்தவும் வல்லது. திரையைப் பகிர்ந்துகொள்ளும் செயலியைப் பதிவு செய்யச் சொல்லித் தொலைபேசியில் ஒருவர் வற்புறுத்தினால், அவர் வங்கி ஊழியரல்லர் என்று தெரிந்துகொள்ளலாம்.

பணப் பரிமாற்றத்தில் ஒரே ஒரு விதியைப் பாடம் செய்துகொண்டால் போதும்: யூ.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்புவதற்கே உரியது. பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை.

இணையதளங்களைப் பார்க்கும்போது

முகவரிக்கு அருகில் பூட்டுப் படம் இருந்தால் அத்தளம் நம்பத்தக்கது என்று சிலர் எண்ணுகின்றனர். அப்பூட்டு, நமக்கும் அத்தளத்துக்கும் இடையே செய்தி செல்லும் வழியில் பிறர் படிக்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். வழி பத்திரமானது, வழியின் முடிவில் இருப்பவர் யோக்கியரா என்பது வேறு விஷயம். தபால் உறையை நன்றாக ஒட்டி மோசக்காரருக்கு அனுப்பினால், உறை பத்திரமாக மோசக்காரரிடம்தான் போய்ச் சேரும்.

அரசாங்கத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ‘ஜி.ஓ.வி. டாட் ஐ.என்.’ என்று முடியும். அவ்வெழுத்துகள் முகவரியின் நடுவில் எங்கோ இருந்தால் போதாது. முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால், தளத்தின் பெயர் முடியும் இடத்தில் இருக்க வேண்டும். போலித் தளங்கள் ஏமாற்றுவது இவ்விடத்தில்தான்.

உலாவியில் ‘மறைநிலை’ என்ற ஒரு வசதி உண்டு. அதில் பார்த்தவற்றின் பட்டியல் நம் கைப்பேசியில் தங்காது. பலர் பயன்படுத்தும் கைப்பேசியிலும், சேவை மையத்துக் கணினியிலும் அது உபயோகமாகும். எனினும் நாம் சென்ற தளத்துக்கோ, இணைய வசதி தரும் நிறுவனத்துக்கோ அது நம்மை மறைத்துவிடாது. விளம்பரத்துக்காக நம்மைப் பின்தொடர்வதைக் குறைக்க வேண்டுமானால், ‘தனியுரிமை’ பகுதியில் ‘விளம்பரங்கள்’ என்பதைத் திறந்து, விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். இவ்வசதி ஆண்டிராய்டு பன்னிரண்டாம் பதிப்பு முதல் இருந்துவருகிறது. ஐபோனில் 2021 ஏப்ரல் முதல், பிற செயலிகளிலும் தளங்களிலும் நம்மைப் பின்தொடர விரும்பும் செயலி நம் சம்மதத்தைக் கேட்டாக வேண்டும். வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

ஆதாரும் கைரேகையும்

கிராமங்களில் வங்கி முகவர் வைத்திருக்கும் சிறு கருவியில் விரலை வைத்து ஆதார் மூலம் பணம் எடுப்பது முதியோருக்குப் பெரிய சௌகரியம். ஆனால் நிலப் பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளைப் போலியாகச் செய்து பணம் எடுத்த குற்றங்கள் நாட்டின் சில பகுதிகளில் நிகழ்ந்துள்ளன. கடவுச்சொல் வெளியானால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை மாற்றிக்கொள்ள வழியில்லை.

இதற்குப் பரிகாரமாக ஆதார் ஆணையம் கைரேகை, கண் அடையாளங்களைப் பூட்டிவைக்கும் வசதியை அளித்திருக்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் இதைச் செய்யலாம். பூட்டியபின் நம் ரேகையைக் கொண்டு யாரும் அடையாளச் சோதனை செய்ய இயலாது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: நியாய விலைக் கடையில் விரல் வைத்துப் பொருள் வாங்குவோர், செல்லுமுன் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். அட்டையின் நகலைக் கொடுக்க நேரும்போது, கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பல இடங்களில் கொடுக்கலாம். அதையும் அத்தளத்திலேயே பெறலாம். ஐயங்களுக்கு 1947 என்ற எண்ணில் ஆதார் ஆணையத்தைக் கேட்கலாம்.

திரைப்பூட்டும், தொலைந்த கைப்பேசியும்

திரைக்கு ஆறு இலக்க எண்ணாவது பூட்டாக இருத்தல் வேண்டும். பிறந்த ஆண்டும், வண்டி எண்ணும், 123456-உம் பூட்டாகமாட்டா. சிம் கார்டுக்குத் தனி எண் பூட்டு வைக்கலாம். கைப்பேசி திருடு போனாலும் சிம்மை வேறு கைப்பேசியில் போட்டு ஓ.டி.பி. பெற இயலாது. வாட்ஸ்அப்பில் ‘இருபடிச் சரிபார்ப்பு’ என்பதை இயக்கி ஆறு இலக்க எண் வைத்துக்கொள்வதும், ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியில் நமக்குத் தெரியாத கணினி எதுவும் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். நம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதையும் அங்கேயே ‘என் தொடர்புகள்’ என்று வரையறுக்கலாம்.

ஒவ்வொரு கைப்பேசிக்கும் பதினைந்து இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி ஆகியவற்றை அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். அதை ஒரு காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். கைப்பேசி தொலைந்தால் சிம்மை நிறுத்தி, போலீஸ் நிலையத்தில் புகார் செய்து, மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அவ்வெண்ணைக் கொடுத்தால், எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அக்கைப்பேசி இயங்காதபடி தடை செய்யப்படும். 2023 மே மாதம் தொடங்கிய இத்தளத்தில், நம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதையும் பார்க்கலாம். நாம் வாங்காத இணைப்பு இருந்தால் அதைத் தெரிவிக்கலாம்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

இதுவரை கூறியவை தனி மனிதர் செய்துகொள்ள வேண்டியவை. பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் பணியாளர்களுக்கும் இவற்றுக்கு மேற்பட்ட ஒரு கடமை உண்டு. தம்முடையது மட்டுமன்றி ஊராரின் அந்தரங்கமும் அவர்களது கைப்பேசியில் இருக்கிறது.

வீட்டு வசதித் திட்டம், முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத் தொகை, பயிர் இழப்பு நிவாரணம் என்று எதை எடுத்துக்கொண்டாலும், மனுதாரரின் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் ஆகியவை வாட்ஸ்அப் மூலம் கைமாறுகின்றன. அவசரத்தில் முழுப் பட்டியலையும் ஊர்க்குழுவில் போட்டு, ‘பெயர் இருக்கிறதா பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இக்காரியத்தின் விளைவைச் சிந்திக்க வேண்டும். இருநூறு பேர் கொண்ட குழுவிலிருந்து ஒரு பட்டியல் எத்தனை குழுக்களுக்குப் போகும் என்பதை யாரும் வரையறுக்க முடியாது. பட்டியல் மோசக்காரரின் கைக்குச் சேர்ந்தால், அவர் அதிலுள்ள ஒரு மூதாட்டியை அழைத்து, அவர் பெயரையும், கணவர் பெயரையும், திட்டத்தின் பெயரையும், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் பிழையின்றிச் சொல்கிறார். ‘இவ்வளவும் தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும்’ என்று அம்மூதாட்டி நம்பி, கேட்ட ஓ.டி.பி.யைச் சொல்லிவிடுகிறார். அவர் ஏமாந்தது அறியாமையால் அன்று. அவரைப் பற்றிய உண்மை விவரங்கள் ஊரிலிருந்தே வெளியே போனதனால்தான்.

இதற்கு மாறாக, ‘அரசுப் பணம் யாருக்குப் போகிறது என்பதை மக்கள் அறிய வேண்டாமா?’ என்று கேட்கலாம். அறியத்தான் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மானியத் திட்டங்களின் பயனாளிகள் பற்றிய விவரத்தைத் தாமாகவே வெளியிடுமாறு அரசு அமைப்புகளைப் பணிக்கிறது. பயனாளியின் பெயர், திட்டம், தொகை ஆகியவை ஊரறிய வேண்டியவை. கிராம சபையில் படிக்கப்பட வேண்டியவை. அவரது ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும், கைப்பேசி எண்ணும் அப்படியல்ல. அவை கணக்கின் சாவிகள். யாருக்கு வீடு கட்டித் தரப்பட்டது என்பது பொதுச் செய்தி. அந்த வீட்டின் சாவி பொதுச் சொத்தன்று. ஆதார் எண்ணையும், ஆதாருக்காகப் பெற்ற விவரங்களையும் புகைப்படத்தையும், விதிகளில் கண்ட காரியங்களுக்கன்றிப் பொதுவில் வெளியிடலாகாது என்று 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டமும் 29-ஆவது பிரிவில் தடுக்கிறது.

ஆகவே ஒவ்வொரு பஞ்சாயத்தும் கீழ்க்கண்ட நான்கு ஏற்பாடுகளைச் செய்துகொள்வது பொருத்தமாகும். ஒன்று, அறிவிப்புப் பலகையிலோ குழுவிலோ பட்டியலை வெளியிடுமுன் ஆதார், வங்கி, கைப்பேசி எண்களின் பத்திகளை நீக்கிவிடுதல். இரண்டு, மனுக்களுக்காகப் பெற்ற படங்களை, வேலை முடிந்ததும் சொந்தக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுதல். மூன்று, சேவை மையத்துக் கணினியில் ஒருவர் வேலை முடிந்து எழுந்ததும், அவர் பதிவிறக்கிய கோப்புகளை அழித்து, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டதைச் சரிபார்த்தல். நான்கு, பள்ளிச் சிறுவர் சிறுமியரின் படங்களையும் பெயர்களையும் பெற்றோர் சம்மதமின்றிப் பொதுக் குழுக்களில் போடாதிருத்தல்.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால்

பணம் பறிபோய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு வாளாவிருத்தல் தவறு. உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இது நாடு முழுவதற்கும் உரிய இணையப் பணமோசடி உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டுக் கடைசியில் ரொக்கமாக எடுக்கப்படுகிறது. அதற்குள் செய்தி சேர்ந்தால், இடையிலுள்ள கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க இயலும். ஆகவே மறுநாள் காலை வரை காத்திராமல், அறிந்த கணமே அழைப்பது முக்கியம். அத்துடன் வங்கிக்கும் தெரிவித்து, வந்த செய்திகளையும் அழைத்த எண்ணையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ‘1930’ என்ற எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், நியாய விலைக் கடையிலும், பால் கூட்டுறவுச் சங்கத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்கு ஆகும் செலவு அற்பமே.

கைப்பேசியைக் கண்டு அஞ்சி விலகுவது தீர்வாகாது. கிணற்றில் விழுந்தவர் உண்டு என்பதற்காக யாரும் கிணறு வெட்டாமல் இருப்பதில்லை. கைப்பிடிச் சுவர் எழுப்பிக்கொள்கிறோம். கைப்பேசிக்கு அச்சுவர், யாருக்கு, எதற்கு, எத்தனை காலத்துக்கு என்ற மூன்று கேள்விகளே. வீட்டிலுள்ள இளைஞர்கள் தத்தம் பெற்றோரின் கைப்பேசியில் அனுமதிப் பட்டியலை ஒரு முறை திறந்து காட்டி, தாங்களே மாற்றிவிடாமல் பெற்றோரின் விரலாலேயே மாற்றச் செய்வார்களாயின், இப்பாடம் முழுப்பயன் தந்ததாகும்.

மன்றத்தில் விவாதிப்பதற்குச் சில வினாக்கள்

1. உங்கள் கைப்பேசியில் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி எத்தனை செயலிகளுக்கு இருக்கிறது? அவற்றுள் எவற்றுக்கு அது உண்மையில் தேவை?

2. முகவரியில் பூட்டுப் படம் உள்ள ஒரு தளம் போலியாகவும் இருக்கக் கூடுமா? ஏன்?

3. கைரேகையைப் பூட்டிய முதியவர் ஒருவர் நியாய விலைக் கடைக்குச் செல்லுமுன் என்ன செய்ய வேண்டும்?

4. உங்கள் ஊரில் கடைசியாக வெளியிடப்பட்ட பயனாளிகள் பட்டியலில், ஊரறிய வேண்டிய விவரங்கள் எவை, நீக்கப்பட்டிருக்க வேண்டியவை எவை?